அமிழும் கடல்தட்டு எதைக் கொடுக்கிறது, எதைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது

பல கோடி ஆண்டுகள் கடலடியில் கிடந்து குளிர்ந்து இறுகிய ஒரு கடல்தட்டு, ஆழ்கடல் அகழியில் வளைந்து, மற்றொரு தட்டின் அடியில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் அமிழ்கிறது. பூமியின் உட்புறத்தோடு ஒப்பிட்டால் அது குளிர்ந்த பொருள். போகும் வழியெல்லாம் சுற்றுப்புறத்தையும் குளிர்விக்கும் பொருள். அப்படியிருந்தும், அந்தத் தட்டின் மேற்பரப்பு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஆழத்தை எட்டும் இடத்துக்கு மேலே, அகழிக்கு இணையாக எரிமலைகள் வரிசை கட்டி நிற்கின்றன. அலூசியன் தீவுகள், மரியானா, டோங்கா, ஜாவா, மத்திய அமெரிக்கா, ஆண்டிஸ் என்று பசிபிக்கைச் சூழ்ந்தும் அதற்கு அப்பாலும் காணப்படும் இந்த வரிசைகளை எரிமலை வில்தொடர்கள் என்கிறோம்.

குளிர்ந்த பொருள் இறங்கும் இடத்தில் பாறை ஏன் உருக வேண்டும் என்ற கேள்விக்கு, தட்டுகள் உராய்வதால் எழும் வெப்பத்தில் அமிழும் தட்டே உருகி மேலே வருகிறது என்ற விடை நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது. இன்றும் பல படங்களில் அப்படித்தான் வரைகிறார்கள். வேதியியல் அதை ஏற்பதில்லை. கடல் மேலோட்டின் பசால்ட் என்ற கருநிற எரிமலைப் பாறை பகுதியளவு உருகினால் சிலிக்கா மிகுந்த பாறைக்குழம்புதான் கிடைக்கும். வில்தொடர்களிலோ, மக்னீசியம் மிகுந்த பசால்ட் குழம்புகளும் வெளிவருகின்றன. அத்தகைய குழம்பு, மேலோட்டுக்குக் கீழே உள்ள கவசம் என்ற தடித்த அடுக்கின் பெரிடோடைட் பாறை உருகினால் மட்டுமே கிடைக்கக்கூடியது. ஆகவே பெரும்பாலான இடங்களில் முதன்மையாக உருகுவது அமிழும் தட்டு அன்று. தட்டுக்கும் மேலே உள்ள மேலோட்டுக்கும் இடையில் ஆப்பு வடிவில் சிக்கியிருக்கும் கவசப் பகுதியே உருகுகிறது.

அதை உருக வைப்பது நீர். 100 கிலோமீட்டர் ஆழத்தின் அழுத்தத்தில் வறண்ட பெரிடோடைட் உருகத் தொடங்க 1,400 டிகிரி செல்சியசுக்கும் கூடுதலான வெப்பம் தேவை. நீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை பல நூறு டிகிரி கீழிறங்கிவிடுகிறது. தட்டுகள் விலகிப் புதிய கடலடி பிறக்கும் நடுக்கடல் மலைமுகடுகளில் வெளிவரும் பசால்ட்டில் நீரின் அளவு பொதுவாக அரை சதவீதத்தையும் தாண்டுவதில்லை. வில்தொடர்ப் பசால்ட் குழம்பில் சராசரியாக 4 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. இந்த நீர் எங்கிருந்து வந்தது, வரும்போது எதையெல்லாம் கரைத்துக்கொண்டு வந்தது, எதை விட்டுவிட்டு வந்தது என்பதே வில்தொடர் வேதியியலின் சாரம். இவற்றில் கடைசிக் கேள்விக்கு, அதாவது தட்டு எதைத் தன்னிடமே வைத்துக்கொண்டது என்பதற்கு, உரிய கவனம் கிடைப்பதில்லை என்பது என் எண்ணம்.

அகழிக்குள் நுழையும் தட்டின் மேற்புறத்தில் பல இடங்களில் சில நூறு மீட்டர் தடிமனுக்கு வண்டல் இருக்கும். களிமண், கடல் நுண்ணுயிர்களின் ஓடுகள் சேர்ந்த சுண்ணாம்புச் சேறு, சிலிக்காச் சேறு, அருகில் பெரிய ஆறு கலந்தால் கண்டத்திலிருந்து அடித்து வரப்பட்ட மணல் என அதன் கலவை இடத்துக்கு இடம் மாறும். வண்டலின் கீழே ஆறேழு கிலோமீட்டர் தடிமனுள்ள பசால்ட் மேலோடு. அதன் மேற்பகுதியின் விரிசல்களில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கடல்நீர் ஓடியதால், மூலக் கனிமங்கள் பல நீர் பொதிந்த கனிமங்களாக மாறிவிட்டன. கடல்நீரிலிருந்து பொட்டாசியம், யுரேனியம், போரான் ஆகியவையும் அதில் ஏறியிருக்கின்றன. இன்னும் கீழே தட்டின் சொந்தக் கவசப் பாறை. அகழியை நெருங்கித் தட்டு வளையும்போது திறக்கும் பிளவுகள் வழியே கடல்நீர் அதுவரைகூட இறங்கி, அந்தப் பாறையின் முக்கியக் கனிமமான ஒலிவினைச் செர்ப்பன்டைன் என்ற நீர் பொதிந்த கனிமமாக மாற்றக்கூடும். செர்ப்பன்டைனின் எடையில் 12 முதல் 13 சதவீதம் நீர். தட்டு சுமந்து செல்லும் மொத்த நீரின் மதிப்பீடுகள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுவதற்கு இந்த அடியடுக்கே முக்கியக் காரணம். மேலடுக்குகளைத் துளையிட்டுப் பார்க்கலாம், இதை நிலநடுக்க அலைகளைக் கொண்டு ஊகிக்கவே முடியும்.

அமிழ்வு தொடங்கியதும் வண்டலின் துளைகளில் இருந்த நீர் முதல் சில கிலோமீட்டரிலேயே பிழியப்பட்டுக் கடலுக்குத் திரும்பிவிடுகிறது. எரிமலைக்கு அதனால் பயனில்லை. மரியானா அகழிக்கும் எரிமலைகளுக்கும் இடைப்பட்ட கடலடியில் செர்ப்பன்டைன் சேற்றைக் கக்கும் சேற்று எரிமலைகள் இருக்கின்றன. தட்டிலிருந்து ஆழம் குறைந்த இடத்திலேயே தப்பிவரும் நீரை அங்கே நேரடியாக மாதிரி எடுக்க முடிகிறது. அதைத் தாண்டியும் தட்டில் தங்குவது கனிமப் படிகங்களுக்குள் கட்டுண்ட நீர். குளோரைட், ஆம்ஃபிபோல், லாசொனைட், செர்ப்பன்டைன் ஆகிய ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வெப்ப, அழுத்த எல்லை வரைதான் நிலைத்திருக்கும். எல்லை கடந்ததும் கனிமம் சிதைந்து நீரை விடுவிக்கிறது. எந்தக் கனிமம் எந்த ஆழத்தில் சிதையும் என்பதைத் தட்டின் வெப்பநிலை தீர்மானிக்கிறது. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் கஸ்கேடியா பகுதியில் அமிழும் ஹுவான் டி ஃபூகா தட்டு, அகழியை எட்டும்போது ஒரு கோடி ஆண்டு வயதையும் தாண்டாதது. இன்னும் சூடாகவே இருக்கிறது. அது தன் நீரின் பெரும்பங்கை எரிமலைகளின் அடியை எட்டுமுன்பே இழந்துவிடுகிறது. மரியானாவில் இறங்குவது 15 கோடி ஆண்டுகளுக்கும் மூத்த, நன்கு குளிர்ந்த தட்டு. அதன் நீர் ஆழத்துக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்கிறது.

இனி நீரோடு வரும் தனிமங்கள். வில்தொடர்ப் பசால்ட்டையும் மலைமுகட்டுப் பசால்ட்டையும் பகுப்பாய்வு செய்து அருகருகே வைத்தால், சிலிக்கா, அலுமினியம் போன்ற பெரும்பான்மைப் பொருள்களில் வேறுபாடு மிதமாகவே இருக்கும். பத்து லட்சத்தில் சில பங்குகளே இருக்கும் நுண்தனிமங்களில்தான் இரண்டும் முற்றிலும் பிரிகின்றன. அளவுகளை வரைபடமாக்கினால், வில்தொடர்ப் பாறையில் சீசியம், பேரியம், ருபிடியம், ஸ்ட்ரான்சியம், காரீயம் ஆகியவை எகிறி நிற்கும். நியோபியமும் டாண்டலமும் பள்ளத்தில் கிடக்கும். மலைமுகட்டுப் பசால்ட்டில் நியோபியத்தைப்போல் பேரியம் மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது. வில்தொடர்ப் பசால்ட்டில் இதே விகிதம் பல பத்துகளிலிருந்து நூறுகள் வரை போகிறது. சீரியத்துக்கும் காரீயத்துக்கும் உள்ள விகிதம் மலைமுகட்டில் சுமார் 25. வில்தொடர்களில் பெரும்பாலும் 10-க்கும் கீழ்.

உயர்ந்து நிற்பவற்றுக்கு விளக்கம் எளிது. அவை வெந்நீர்ப் பாய்மத்தில் எளிதில் கரைபவை. நீர் கிளம்பும்போது உடன் கிளம்புகின்றன. நியோபியத்தின் பள்ளத்தைத்தான் பலர் தவறாகப் படிக்கிறார்கள். யாரோ அதைக் குழம்பிலிருந்து எடுத்துவிட்டதுபோல அந்த வரைபடம் தோன்றினாலும், பல வில்தொடர்களில் நியோபியம் வெறுமனே சேர்க்கப்படாமல் இருக்கிறது. கவசத்தில் ஏற்கெனவே இருந்த சிறிய அளவே அப்படியே வருகிறது. அண்டைத் தனிமங்கள் உயர்ந்ததால் அது தாழ்ந்ததாகத் தெரிகிறது. தட்டில் நியோபியம் இல்லாமலில்லை. நீரில் அது அரிதாகவே கரைகிறது. அதோடு, அழுத்தத்தில் பசால்ட் எக்லோகைட் என்ற அடர்ந்த பாறையாக மாறும்போது உருவாகும் ரூட்டைல் என்ற டைட்டானியக் கனிமம் நியோபியத்தையும் டாண்டலத்தையும் தன் படிகத்துக்குள் பிடித்துவைத்துக்கொள்கிறது. இதுபோலவே ஃபெஞ்சைட் என்ற மைக்கா வகை பொட்டாசியம், ருபிடியம், சீசியம் ஆகியவற்றின் ஒரு பகுதியையும், மோனசைட்டும் அலனைட்டும் தோரியத்தையும் இலேசான அருமண் தனிமங்களையும், கார்னெட் இட்ரியத்தையும் கனத்த அருமண் தனிமங்களையும் தம்மிடம் நிறுத்திவைக்கின்றன. எரிமலையில் நாம் காண்பது தட்டின் வேதியியல் அன்று. இந்தக் கனிமங்கள் கைவிட்ட மிச்சம்.

கடலடி வண்டலும் மேலோடும் எரிமலைக் குழம்புக்குப் பங்களிக்கக்கூடும் என்று அலூசியன் தீவுகளை ஆராய்ந்த ராபர்ட் கோட்ஸ் 1962-இலேயே எழுதினார். தட்டுப் புவியியல் முழு வடிவம் பெறுவதற்கும் முன்பு. ஆனால் வண்டல் உண்மையிலேயே 100 கிலோமீட்டர் இறங்கி மறுபடியும் மேலே வருகிறது என்பதற்கு மறுக்க முடியாத சாட்சி கிடைக்க மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. அந்தச் சாட்சி பெரிலியம்-10.

அண்டவெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தின் நைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்களைச் சிதைக்கும்போது இந்தக் கதிரியக்க ஐசோடோப்பு உருவாகிறது. மழையோடு இறங்கிக் கடலில் கலந்து, களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்டு அடியில் படிகிறது. அதன் அரை ஆயுட்காலம் சுமார் 14 லட்சம் ஆண்டுகள். பூமி உருவானபோது பெரிலியம்-10 இருந்திருந்தாலும் அது எப்போதோ அழிந்துபோயிருக்கும்; கவசத்துக்குள் புதிதாக அது உண்டாவதற்கு வழியும் இல்லை. ஆகவே, காற்றில் பிறந்த இந்த அணு ஒரு புத்தம்புதிய எரிமலைப் பாறையின் உள்ளே கிடைத்தால், அது அண்மைக்காலக் கடல் வண்டலோடு கீழே போய்த் திரும்பியதாகத்தான் இருக்க வேண்டும். 1982-இல் வாஷிங்டனின் கார்னகி நிறுவனத்தைச் சேர்ந்த லூயி பிரவுன் குழுவினர், துகள் முடுக்கியோடு இணைந்த நிறைமாலைமானியைக் கொண்டு வில்தொடர்ப் பாறைகளில் இதை அளந்து வெளியிட்டார்கள். மலைமுகட்டுப் பசால்ட்டிலும் கடல்தீவுப் பசால்ட்டிலும் ஏறத்தாழ இல்லை என்று சொல்லும் அளவே இருந்த பெரிலியம்-10, சில வில்தொடர்களில் ஒரு கிராம் பாறைக்குப் பல பத்து லட்சம் அணுக்கள் என்ற அளவில் இருந்தது. பாறை வெளியே கிடக்கும்போது மழைநீரிலிருந்து ஒட்டிக்கொண்டதோ என்ற ஐயம் இயல்பாக எழுந்தது. அதனால்தான் வானிலையால் சிதையாத புதிய மாதிரிகளைத் தேர்ந்தெடுப்பதிலும், கனிமங்களைத் தனித்தனியாகப் பிரித்து அளப்பதிலும் அவ்வளவு கவனம் செலுத்தப்பட்டது.

இந்த அளவீட்டில் காலக் கணக்கும் ஒளிந்திருக்கிறது. பெரிலியம்-10 வண்டலின் மேல் அடுக்குகளில், ஏறத்தாழ கடந்த ஒரு கோடி ஆண்டுகளில் படிந்தவற்றில்தான் எஞ்சியிருக்கும். எரிமலையில் அது தென்பட வேண்டுமானால், அந்த மேலடுக்கே அகழியில் சுரண்டப்படாமல் உள்ளே போயிருக்க வேண்டும். தட்டின் பயணம், குழம்பின் எழுச்சி எல்லாம் சேர்ந்து சில பத்து லட்சம் ஆண்டுகளுக்குள் முடிந்திருக்கவும் வேண்டும். மத்திய அமெரிக்காவில் கோகோஸ் தட்டு ஆண்டுக்கு 8 சென்டிமீட்டரை ஒட்டிய வேகத்தில் அமிழ்கிறது, கணக்கு பொருந்துகிறது. நிகராகுவாவின் எரிமலைகளில் இந்த அடையாளம் உலகிலேயே மிக வலுவாக இருக்கிறது. ஆனால் அதே தட்டு, ஒத்த வண்டலோடு, சில நூறு கிலோமீட்டர் தள்ளி கோஸ்டா ரிகாவின் அடியில் இறங்குகிறது. அங்கே எரிமலைகளில் அது மிகக் குறைவு. அகழியிலேயே வண்டல் சுரண்டப்பட்டுவிடுகிறது என்று சொல்லித் தப்பிக்கவும் முடியவில்லை, ஏனெனில் 1996-இல் கோஸ்டா ரிகாவுக்கு அப்பால் கடலடியைத் துளையிட்டபோது வண்டல் அடுக்கு முழுவதும் மேல்தட்டின் விளிம்புக்கு அடியில் நுழைவது தெரிந்தது. இன்னும் ஆழத்தில் மேலடுக்கு மேல்தட்டின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொள்வது, மேல்தட்டின் அடிப்பாறை அரிக்கப்பட்டுக் கலந்து அடையாளத்தை நீர்த்துப்போகச் செய்வது என்ற விளக்கங்கள் முன்வைக்கப்படுகின்றன. கவசத்திலிருந்து குழம்பு தொடர்ந்து எழும் இடமான கலாபகஸ் வெப்பப்புள்ளி உருவாக்கிய கடலடி மலைகள் அந்தப் பகுதியில் அமிழ்வதால், அவற்றின் சாயலும் கோஸ்டா ரிகா எரிமலைகளில் தெரிகிறது.

உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் உள்ள தொடர்பை ஓர் எரிமலையோடு நிறுத்தாமல் உலக அளவில் காட்டியது டெர்ரி பிளாங்க், சார்லஸ் லாங்மியர் இருவரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வு. ஒவ்வோர் அகழியிலும் வண்டல் வழியாக ஆண்டுதோறும் இறங்கும் பேரியம், தோரியம் முதலியவற்றின் அளவைத் துளைக்கருவி எடுத்த மாதிரிகளிலிருந்து கணக்கிட்டு, அந்தந்த வில்தொடரின் பசால்ட்டில் அத்தனிமங்கள் எந்த அளவுக்குச் செறிந்திருக்கின்றன என்பதோடு ஒப்பிட்டபோது, வரவும் வெளியீடும் சேர்ந்தே ஏறி இறங்கின.

தட்டிலிருந்து புறப்படுவது நீர்ப்பாய்மமா, உருகிய குழம்பா என்பது அடுத்த கேள்வி. பேரியம் நீரோடு போகும்; தோரியம் நீரில் கரையாது, வண்டல் உருகினால்தான் குறிப்பிடத்தக்க அளவில் வெளியேறும். எனவே பேரியம், தோரிய விகிதம் உயர்ந்திருக்கும் டோங்கா, மரியானா போன்ற இடங்களில் நீரின் கை ஓங்கியிருக்கிறது என்றும், தோரியம் தானே உயர்ந்திருக்கும் இடங்களில் வண்டல் உருகிய குழம்பும் கலந்திருக்கிறது என்றும் படிக்கிறோம். சிறிய அண்டிலிஸ் தீவுத்தொடரின் தென்பகுதி பின்னதற்குத் தக்க உதாரணம். ஒரினோகோ ஆறு தென் அமெரிக்காவின் பழம்பாறைகளை அரித்துக் கொண்டுவந்து கொட்டும் வண்டல் அங்கே அமிழ்வதால், தெற்கே போகப் போக எரிமலைகளின் காரீய ஐசோடோப்புகள் பழங்கண்டத்தின் சாயலை ஏற்கின்றன. குழம்பின் நீருக்கும் சீரியத்துக்கும் உள்ள விகிதம் தட்டுப்பரப்பின் வெப்பநிலையோடு மாறுவதைக் கொண்டு, அதை ஒரு வெப்பமானியாகவே பயன்படுத்தவும் முடிகிறது. அது காட்டும் வெப்பநிலைகள் பல வில்தொடர்களில் 730 முதல் 900 டிகிரி வரை. நீரூறிய வண்டல் அந்த வெப்பத்தில் உருகும். நீரா குழம்பா என்று கறாராகப் பிரிக்கும் பழைய வாதம் இதனால் வலுவிழந்துவிட்டது. போதிய ஆழத்தில் இரண்டுக்கும் இடையிலான எல்லையே மங்கிவிடுகிறது.

தட்டின் பசால்ட்டே உருகுவதும் உண்டு. இளம், சூடான தட்டு அமிழும் இடங்களில் கிடைக்கும் அத்தகைய குழம்புக்கு, அலூசியன் தொடரின் அடாக் தீவை ஒட்டி அடாகைட் என்று 1990-இல் பெயரிட்டார்கள். கார்னெட் இட்ரியத்தைப் பிடித்துவைக்க, ஸ்ட்ரான்சியம் உயர்ந்து, இட்ரியம் தாழ்ந்திருப்பது அதன் அடையாளம். பெயர் கிடைத்ததும் அந்த விகிதம் தென்பட்ட பாறையெல்லாம் தட்டு உருகியதற்குச் சான்றாகிவிட்டது என்பது கொஞ்சம் வருத்தத்துக்குரியது. தடித்த மேலோட்டின் அடியில் கார்னெட் இருந்தாலும் இதே விகிதம் வரும். குழம்பிலிருந்து ஆம்ஃபிபோல் பிரிந்தாலும் இட்ரியம் குறையும்.

நீர் எவ்வளவு என்ற அளவீடு எப்படிக் கிடைக்கிறது என்பதையும் அருகில் சென்று பார்ப்பது நல்லது, ஏனெனில் எரிமலை வெடித்ததும் குழம்பின் நீர் ஆவியாகிப் போய்விடுகிறது. குளிர்ந்த பாறையில் அதைத் தேடிப் பயனில்லை. ஆழத்தில் ஒலிவின் படிகம் வளரும்போது சுற்றியிருந்த குழம்பின் துளி ஒன்று அதற்குள் அகப்பட்டு, கண்ணாடியாக உறைந்துபோகும். மனிதத் தலைமுடியின் தடிமனை ஒத்த அந்தத் துளியை, சாம்பலிலிருந்து பொறுக்கிய பச்சைநிறப் படிகத்தை இருபுறமும் தேய்த்துத் திறந்து, அகச்சிவப்புக் கதிர் அல்லது அயனிக் கற்றையால் அளக்கிறார்கள். நிகராகுவாவின் செர்ரோ நேக்ரோ எரிமலையில் இப்படி எடுத்த துளிகளில் சுமார் 6 சதவீதம் வரை நீர் இருந்தது. இந்த முறையிலும் ஒரு கண்ணி உண்டு. ஒலிவினின் படிக அமைப்பு வழியாக ஹைட்ரஜன் சில மணிகளிலேயே, அல்லது சில நாள்களிலேயே, கசிந்துவிடும். எனவே வேகமாக உறைந்த சிறு சாம்பல் துகள்களிலிருந்து வந்த படிகத்தையே நம்பலாம்; மெதுவாகக் குளிர்ந்த எரிமலைக் குழம்போட்டத்தின் படிகம் குறைத்துச் சொல்லும்.

இந்த நீர் பின்னர் குழம்பின் வளர்ச்சியையும் திசைதிருப்புகிறது. நீர் மிகுந்த குழம்பில் பிளாஜியோகிளேஸ் என்ற கனிமம் படிகமாவது தள்ளிப்போகிறது. ஆக்சிஜனேற்றம் மிகுந்திருப்பதால் மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு சீக்கிரமே படிந்து இரும்பைக் குறைக்கிறது. மீதிக் குழம்பு, பசால்ட்டைவிடச் சிலிக்கா மிகுந்த ஆண்டிசைட்டை நோக்கி நகர்கிறது. மலைமுகட்டுப் பசால்ட்டின் இரும்பில் 15 சதவீதத்தை ஒட்டிய பங்கே கூடுதல் ஆக்சிஜனேற்றம் பெற்ற மூவிணைதிற நிலையில் இருக்க, வில்தொடர்ப் பசால்ட்டில் அது 20 முதல் 30 சதவீதம் வரை ஏறுகிறது. இந்த ஆக்சிஜனேற்றம் தட்டிலிருந்து வந்ததா, மேலோட்டுக்குள் குழம்பு மாறும்போது வந்ததா என்பதில் இன்னும் உடன்பாடில்லை. கந்தகம் சல்பேட்டாக இருக்கும்போது செம்பு குழம்பிலேயே தங்குவதால், ஆண்டிஸின் பெரும் செம்புப் படிவுகளுக்கும் இந்த விவாதத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அதே ஆண்டிஸில் மேலோடு சில இடங்களில் 70 கிலோமீட்டர் தடித்திருப்பதால், குழம்பு ஏறும் வழியில் கண்டப் பாறையைக் கரைத்துக்கொள்கிறது. அமிழ்ந்த வண்டலின் சாயலும் வழியில் கரைந்த மேலோட்டின் சாயலும் அங்கே ஒன்றையொன்று போலவே தோன்றும். தட்டின் பங்கை அறிய விரும்புவோர் டோங்கா, மரியானா போன்ற மேலோடு மெலிந்த கடல்நடு வில்தொடர்களை நாடுவது இதனால்தான்.

டோங்காவில் இன்னொரு வியப்பும் கிடைத்தது. ரேடியம்-226-இன் அரை ஆயுட்காலம் 1,600 ஆண்டுகள். அதன் தாய் ஐசோடோப்பான தோரியம்-230-க்கு ஈடான அளவைவிட மிகுதியாக அது இருந்தால், அந்த மிகுதி சில ஆயிரம் ஆண்டுகளில் தேய்ந்து மறைந்துவிடும். டோங்காவின் புதிய பாறைகளில் ரேடியத்தின் பெரும் மிகுதி தெரிகிறது. நீரின் அடையாளமான பேரியம், தோரிய விகிதத்தோடு அது சேர்ந்தே உயர்கிறது. கடைசியாகத் தட்டிலிருந்து கிளம்பிய நீர் சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் எரிமலையை எட்டிவிட்டது என்பது இதன் நேரடிப் பொருள். கவசத்தின் நுண்துளைகள் வழியாக மெல்லக் கசிந்து வந்திருந்தால் இந்த வேகம் கூடாது. கால்வாய் போன்ற வழிகளில் குழம்பு விரைந்திருக்க வேண்டும்.

தனித்தனிப் பாய்மங்களாகப் பிரிந்து வருகின்றன என்ற இந்தச் சித்திரத்துக்கே இப்போது ஒரு மாற்று இருக்கிறது. தட்டின் மேற்பரப்பில் வண்டல், பசால்ட், செர்ப்பன்டைன் மூன்றும் இயந்திர முறையில் கலந்து, அந்தக் கலவைப் பாறை கவசத்தைவிட இலேசாக இருப்பதால் திரளாக மேலெழுந்து, வெப்பமான ஆப்புப் பகுதியில் உருகுகிறது என்பது அது. ஐசோடோப்புகளின் கலப்பு உருகுதலுக்கு முன்பே நடந்ததாகச் சில வில்தொடர்த் தரவுகள் காட்டுவது இதற்கு வலுச் சேர்க்கிறது. ரேடியத்தின் அவசரத்தை அது எப்படி விளக்கும் என்பது எனக்கு இன்னும் நிறைவளிக்கவில்லை.

எரிமலைக்குக் கொடுத்தது போக எஞ்சிய தட்டு, ரூட்டைலில் நியோபியத்தையும், கார்னெட்டில் கனத்த அருமண் தனிமங்களையும் சுமந்தபடி கவசத்தின் ஆழத்துக்குப் போகிறது. அதன் காரீயம் பெரும்பகுதி போய்விட்டது. யுரேனியம் ஓரளவு எஞ்சியிருக்கிறது. அப்படிப்பட்ட பாறை நூறு, இருநூறு கோடி ஆண்டுகள் கிடந்தால் யுரேனியம் சிதைந்து, மிக உயர்ந்த காரீயம்-206 விகிதத்தைப் பெறும். தென் அட்லாண்டிக்கின் செயின்ட் ஹெலனா போன்ற கடல்தீவுகளின் பசால்ட்டில் தெரியும் அத்தகைய விகிதத்துக்குப் பழைய தட்டுகளே காரணம் என்று பலர் கருதுகிறார்கள். மறுபுறம், கண்ட மேலோட்டின் சராசரி வேதியியலில் நியோபியப் பள்ளமும் காரீய முகடும் தெளிவாக இருக்கின்றன. அதன் சீரியம், காரீய விகிதம் 4-ஐ ஒட்டியது. கண்டங்கள் வில்தொடர்களில் உருவானவை என்ற கருத்துக்கு இதுவே பெரிய ஆதாரம். ஆனால் வில்தொடர்களில் கவசத்திலிருந்து ஏறுவது பெரும்பாலும் பசால்ட், கண்டத்தின் சராசரியோ ஆண்டிசைட். இந்த இடைவெளியை நிரப்ப, மேலோட்டின் அடியில் தேங்கிய கனத்த படிகங்கள் பிரிந்து மீண்டும் கவசத்துக்குள் விழுந்திருக்க வேண்டும் என்று வாதிடுகிறார்கள். அப்படியானால் அமிழும் தட்டுக்கு அடுத்தபடியாக, கவசத்துக்குத் திரும்பும் பொருளின் இரண்டாவது கணக்கையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கும்.